வற்றிய கண்மாயின் சேற்றில் இருக்கும் சாப்பாடு

கண்மாயைத் தூர்வாருகிறார்கள் என்றால் ஊரே சந்தோஷப்படும். ஜேசிபி இறங்கும், டிராக்டர்கள் வரிசைகட்டி நிற்கும், மேல்மண் ஓரடி, ஈரடி, சில இடங்களில் ஆளுயரத்துக்கும் மேல் போகும். வண்டல் வயலுக்குப் போவது நல்லது. கொள்ளளவு கூடுவதும் நல்லது. ஆனால் அந்த முதல் ஓரடி மண்ணில்தான் கொட்டிக்கிழங்கும் அல்லிக்கிழங்கும் கோரையின் முடிச்சுகளும் ஆரையின் வித்துகளும் அடுத்த மழைக்காகக் கிடக்கின்றன. மண்ணோடு சேர்த்து அவற்றையும் அள்ளிவிடுகிறோம். மறு வருடம் கண்மாய் நிறையத் தண்ணீர் நிற்கும், ஒரு இலை கூட மிதக்காது. தண்ணீர் வந்துவிட்டது, வேலை முடிந்தது என்று எல்லோரும் நினைத்துக்கொள்வோம்.

மூதுரைப் பாட்டு ஒன்று பெரும்பாலானவர்களுக்குத் தெரிந்திருக்கும். குளம் வற்றியதும் பறந்துபோகும் பறவை உறவல்ல, கொட்டியும் ஆம்பலும் (அல்லி) நெய்தலும் போல அங்கேயே ஒட்டிக் கிடப்பதுதான் உறவு என்று ஔவையார் சொல்வது. உறவைப் பற்றிய பாட்டாக மட்டும் படித்துவிட்டுக் கடந்துபோகிறோம். அதிலுள்ள தாவரவியலும் துல்லியமானது. நீர் வற்றினால் இந்தச் செடிகள் செத்துப்போவதில்லை. இலையை விட்டுவிட்டு, உணவைக் கிழங்கில் சேர்த்துவைத்து, வெடித்த மண்ணுக்கடியில் மாதக்கணக்கில் உறங்குகின்றன. மனிதனும் எருமையும் வாத்தும் தோண்டித் தின்பது அந்தச் சேமிப்பைத்தான்.

ஒரு கண்மாயின் வருடத்தைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகப் புரியும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை நிரப்பும். மண்ணுக்குள் இருந்த கிழங்குகள் துளிர்த்து, இலைகள் மேலே வரும். மார்கழி, தையில் நீர்ப்பரப்பு முழுக்கப் பூ. நெல்லுக்குத் தண்ணீர் பாயப் பாய நீர்மட்டம் இறங்கும், ஓரங்களில் சேறு தெரியும், கோரையும் புல்லும் விதை உதிர்க்கும். வடக்கிலிருந்து வந்த வாத்துகள் அந்த ஓரச் சேற்றில்தான் கூடும். பங்குனி, சித்திரையில் தரை தெரியும். ஆடுமாடு உள்ளே இறங்கி மேயும், சில ஊர்களில் ஏரிக்குள்ளேயே வெள்ளரி போடுவார்கள். வெயில் சேற்றைப் பிளக்கும். காற்று உள்ளே போகும், மட்கிய இலைகளும் சாணமும் எச்சமும் சிதைந்து தழைச்சத்தாக மாறும். அடுத்த மழையில் எல்லாம் மறுபடி முளைக்கும்.

நிரம்புவதும் வற்றுவதும் சேர்ந்ததுதான் கண்மாய். வற்றுவதைக் குறையாக மட்டும் பார்க்கப் பழகிவிட்டோம். உண்ணக்கூடிய நீர்ச்செடிகளில் பாதிக்கு மேல் அந்த வறட்சியை நம்பித்தான் வாழ்கின்றன என்பது என் எண்ணம்.

கொட்டியையே எடுத்துக்கொள்வோம். தண்ணீர் இருக்கும்போது நீள்வட்ட இலைகள் மிதக்கும். நடுவிலிருந்து ஒரு சின்னக் கதிர் நீருக்கு மேல் நீண்டு வெளிர் ஊதாவிலோ வெள்ளையிலோ பூக்கும். தண்ணீர் போனபின் இலை காய்ந்து, மண்ணோடு மண்ணாக ஒட்டிக்கிடக்கும். அந்தத் தடத்தைப் பார்த்துத்தான் தோண்டுவார்கள். களைக்கொட்டோ கூரான குச்சியோ போதும். பொருக்கு மண்ணைப் பெயர்த்தால் கோலிக்குண்டு அளவில் கறுத்த தோலும் சல்லிவேர்களுமாகக் கிழங்கு வரும். வேரைக் கிள்ளி, சேறு போகப் பலமுறை அலசி, உப்புப் போட்டு வேகவைத்தால் தோல் கையோடு வந்துவிடும். உள்ளே மாவு. ஆடு மேய்க்கப் போன பிள்ளைகளுக்கு இது மதியச் சாப்பாடு. கோடையில் தென்மாவட்டச் சந்தைகளிலும் ஈழத்தின் கிழக்குப் பக்கத்திலும் படி கணக்கில் விற்றிருக்கிறார்கள்.

அல்லி இன்னும் சுவாரசியமானது. பூ வாடியதும் அதன் காம்பு வளைந்து காயைத் தண்ணீருக்குள் இழுத்துக்கொள்ளும். காய் நீருக்கடியிலேயே முற்றும், வெடிக்கும். உள்ளே இருக்கும் நூற்றுக்கணக்கான பொடி விதைகள் வழவழப்பான உறையோடு கொஞ்ச நேரம் மிதந்து, பிறகு அமிழ்ந்துபோகும். அதனால் வெடிப்பதற்கு முன்னால் காயைப் பறிக்க வேண்டும். பறித்ததை அழுகவிட்டு, கசக்கி, அலசி, காயவைத்தால் கிடைப்பது அல்லியரிசி. வறுத்தும் தின்னலாம், இடித்துக் கஞ்சியும் காய்ச்சலாம். கணவனை இழந்த பெண்கள் உண்ட உணவாக இதைப் புறநானூற்றின் 248-ஆம் பாட்டு சொல்கிறது. இளமையில் தழையுடையாக இருந்த அதே ஆம்பல், கைம்மையில் சோறாகிவிட்டது என்று ஒரு பெண் நொந்துகொள்வாள்.

இந்தச் செடிகள் நம் பேச்சிலிருந்தே மறைந்துபோனதற்கு ஒரு காரணம் அந்தப் பாட்டிலேயே இருக்கிறது. இது இல்லாதவர் சாப்பாடு. பஞ்சத்தில் தின்றது, கைம்பெண் தின்றது, ஆடு மேய்க்கிற பையன் தின்றது. ரேஷன் அரிசி வந்தபின் யாரும் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளவில்லை. தாமரைத்தண்டுக்கு மட்டும் மரியாதை கிடைத்தது. மோரும் உப்பும் போட்டுக் காயவைத்த வற்றலாக நல்ல சமையலறைகளில் அது நுழைந்துவிட்டது.

பீகாரில் நிலைமை வேறு. மிதிலைப் பகுதிக் குளங்களில் முள்ளுள்ள பெரிய இலையோடு வளரும் ஓர் அல்லியினச் செடியின் விதைதான் மக்கானா. நம் கடைகளில் தாமரை விதை என்று விற்கிறார்கள், ஆனால் அது தாமரையே அல்ல. குளத்தில் மூழ்கி அடிச்சேற்றிலிருந்து விதையைத் திரட்டுவார்கள். வறுத்து, சூடாக இருக்கும்போதே தட்டிப் பொரிய வைப்பார்கள். கை வேகமும் கண் கணக்கும் தேவைப்படும் வேலை அது. மிதிலை மக்கானாவுக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. 2025 மத்திய பட்ஜெட்டில் மக்கானாவுக்கென்று தனி வாரியமே அறிவித்தார்கள். கொட்டிக்கும் அல்லியரிசிக்கும் அப்படி ஒரு சந்தை வர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பெரிய சந்தை வந்தால் ஒற்றைப் பயிராக ஆக்கிவிடுவோமோ என்ற பயமும் இருக்கிறது. ஆனால் விலை கிடைக்கிற செடியைக் களை என்று யாரும் சொல்வதில்லை. அந்த அளவு மதிப்பாவது நம் செடிகளுக்கு வேண்டும்.

வயலுக்குள் வந்தால் கதை கொஞ்சம் மாறும். நெல் வயலில் தானாக வரும் ஆரைக்கீரை, வரப்போரம் படரும் பொன்னாங்கண்ணி, வாய்க்காலில் மிதக்கும் வள்ளைக்கீரை மூன்றும் பயிருக்குக் களை, வீட்டுக்குக் கீரை. களையெடுக்கும் பெண்கள் சாயங்காலம் மடியில் கட்டிக்கொண்டு போவது அன்றைக்கான குழம்புக் கீரை. கூலி போக ஒரு சின்ன வரவு. யாரும் கணக்கில் எழுதவில்லை, அதனால் அது போனதும் யாருக்கும் தெரியவில்லை. களைக்கொல்லி தெளிக்க ஆரம்பித்தபின் கைக்களை குறைந்தது, கீரையும் போனது. தெளித்த வயலில் தப்பி முளைத்தாலும் பறிக்கத் தைரியம் வராது. நெல் மகசூல் கணக்கில் எங்கும் தெரியாத இந்த இழப்பு, அந்தப் பெண்களின் தட்டில் நேராக விழுந்த இழப்பு.

ஆரை உண்மையில் பூக்காத செடி, பெரணி வகை. நான்கு இலை விரித்து நிற்பதைப் பார்த்தால் நம்ப முடியாது. அதன் அடியில் கொட்டை போல இறுகிய வித்துறைகள் இருக்கும். பல வருடம் காய்ந்து கிடந்தாலும் தண்ணீர் பட்டால் உயிர் வந்துவிடும். வாத்து தின்று எச்சத்தில் வெளியே போட்டாலும் முளைக்கும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஔவையாரின் அறுநீர்ப் பறவைக்காக இங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அது குளத்தைக் கைவிட்டுப் போவது உண்மைதான். போகும்போது வயிற்றிலும் கால்சேற்றிலும் அந்தக் குளத்தின் விதைகளை அடுத்த குளத்துக்குக் கொண்டுபோகிறது. மடை உடைந்து பாழான ஒரு கண்மாய் மறுபடி நிறைந்தால், யாரும் நடாமலேயே செடிகள் வருவது பெரும்பாலும் இப்படித்தான்.

வயல் என்றதும் அசோலாவைப் பற்றிக் கேட்பார்கள். அதுவும் மிதக்கும் பெரணிதான். இலைக்குள் இருக்கும் அனபீனா என்ற நீலப்பச்சைப் பாசி காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துக் கொடுக்கும். நெல்லுக்கு இடையில் வளர்த்து மடக்கி உழுதால் தழைச்சத்து. சீனாவிலும் வியட்நாமிலும் பல நூற்றாண்டாகச் செய்வது இது. மாட்டுக்கும் கோழிக்கும் தீவனமாகப் போடுவதும் நல்லதுதான், உலர் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் புரதம் இருக்கிறது. ஆனால் இப்போது சொல்லப்படும் அளவுக்கு அதிசயம் கிடையாது. பச்சை அசோலாவில் 90 சதவீதத்துக்கு மேல் வெறும் தண்ணீர். ஒரு கிலோ அள்ளிப் போட்டால் மாட்டுக்குப் போய்ச் சேரும் உலர்சத்து 100 கிராம் கூட வராது. தீவனத்தோடு சேர்க்கும் ஒரு கூடுதல் என்று வைத்துக்கொள்ளலாம், தீவனத்துக்கு மாற்று என்று நம்பி ஏமாறக்கூடாது. சித்திரை வெயிலில் அது கருகும், மணிச்சத்து (பாஸ்பரஸ்) இல்லாவிட்டால் பெருகாது.

அப்புறம் எருமை. அகநானூற்றின் 46-ஆம் பாட்டில் ஓர் எருமை, கொட்டிலின் சேறு பிடிக்காமல் இரவில் கட்டை அறுத்துக்கொண்டு, முள்வேலியைக் கொம்பால் தள்ளிவிட்டு, பழனத்தில், அதாவது நீர் தேங்கிய வயலில், இறங்கும். மீன்கள் சிதறி ஓட, உள்துளையுள்ள வள்ளைக்கொடியை உழப்பிக்கொண்டு போய் தாமரைப்பூவைத் தின்னும். பார்த்து எழுதியவரின் பாட்டு அது. வள்ளைத்தண்டு மிதப்பதே அந்த உள்துளையால்தான். எருமை நடந்த தடத்தில் நெருக்கம் குலைந்து நீர் திறக்கும் என்பதையும் அவர் பார்த்திருப்பார்.

அந்தத் திறப்பு எவ்வளவு முக்கியம் என்பதை ராஜஸ்தானின் பரத்பூர் மிகுந்த வலியோடு கற்றுக்கொண்டது. கேவலாதேவ் தேசியப் பூங்காவில் பல தலைமுறைகளாக எருமைகள் மேய்ந்துகொண்டிருந்தன. பறவைகளைக் காக்க வேண்டும் என்று 1982-இல் மேய்ச்சலைத் தடை செய்தார்கள். ஊர்மக்கள் எதிர்த்தார்கள், போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அதற்குப் பிறகு நடந்ததுதான் யாரும் எதிர்பாராதது. மேய ஆளில்லாமல் ஒருவகை நீர்ப்புல் அடர்ந்து படர்ந்து, திறந்த நீர்ப்பரப்பை மூடியது. பறவைகளும் மீன்களும் குறைந்தன. சேற்றைக் கிளறிக் கோரைக்கிழங்கு தின்னும் சைபீரியக் கொக்குகளின் புகழ்பெற்ற குளிர்கால இடமாக 2002 வரை இருந்தது அது. பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம் அங்கே பல வருடம் ஆய்வு செய்துவிட்டு, எருமை அந்த ஈரநிலத்தின் ஓர் அங்கம், தடை பூங்காவுக்குக் கெடுதல் செய்தது என்ற முடிவுக்கு வந்தது. மேய்ப்பவர்களுக்கு இது முன்பே தெரியும். அவர்களிடம் கேட்டிருந்தால் அந்த உயிர்கள் போயிருக்க வேண்டியதில்லை.

நம் ஏரிகளில் பறவைகள் என்ன செய்கின்றன என்று பார்ப்போம். நீலத் தாழைக்கோழி கோரையை அடியோடு கடித்து, மனிதர் கையில் பிடிப்பது போல ஒரு காலால் பிடித்துக்கொண்டு, வெளித்தோலை உரித்து உள்ளே இருக்கும் வெண்தண்டைத் தின்னும். நெல்லையும் விடாது. விவசாயிகளுக்கு அதன்மேல் கோபம் வருவது நியாயம்தான். ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் தலையை நீருக்குள் விட்டு வாலை மேலே தூக்கி மேயும். அவற்றுக்கு ஓரடி, ஒன்றரை அடிக்கு மேல் ஆழமானால் அடிச்சேறு எட்டாது. கூந்தன்குளத்துக்கு இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்து புல்லும் கிழங்கும் தேடும் பறவை. இலைக்கோழியின் நீண்ட விரல்கள் அல்லி இலைமேல் நடப்பதற்கென்றே அமைந்தவை. முட்டை இடுவதும் மிதக்கும் இலைமேல்தான், அடைகாப்பது ஆண். அல்லி இல்லாத ஏரியில் அதற்கு நிற்கவே இடமில்லை. விரால்கூட மிதக்கும் செடிகளுக்கு நடுவே இடம் ஒதுக்கி முட்டையிட்டு, குஞ்சுகளுக்குக் காவல் இருக்கும் மீன். செடி போனால் விராலும் போகும்.

இந்தப் பறவைகளும் மாடுகளும் தின்றதை எச்சமாகவும் சாணமாகவும் அதே நீருக்குத் திருப்பித் தருகின்றன. வேடந்தாங்கல்காரர்கள் இரண்டு நூற்றாண்டுக்கு மேலாகப் பறவைகளைக் காத்துவருவதற்கு அன்பு ஒரு காரணம் என்றால், எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் வயலுக்கு உரம் என்ற அனுபவம் இன்னொரு காரணம்.

இலங்கையின் மின்னேரியாவில் இதே பாடம் யானை அளவில் நடக்கிறது. மகாசேன மன்னன் கட்டிய அந்தக் குளம் ஆடி, ஆவணி வாக்கில் வற்றி இறங்கும்போது, வெளிப்படும் தரையில் இளம்புல் முளைக்கும். சுற்றியுள்ள காடெல்லாம் காய்ந்து கிடக்கும் அந்த நேரத்தில் நூற்றுக்கணக்கான யானைகள் அங்கே கூடும். மொரகஹகந்த நீர்த்தேக்கம் வந்தபின், கோடையிலும் அங்கிருந்து நீர் வந்து மின்னேரியா நிரம்பி நிற்கும் வருடங்கள் வந்தன. புல் நீருக்குள் போனது. யானைகள் பசியோடு நின்றன, அல்லது ஊர்ப்பக்கம் திரும்பின. அங்குள்ள யானை ஆய்வாளர்கள் இதைத் தொடர்ந்து எச்சரித்துவருகிறார்கள். பாசனத்துக்குத் தண்ணீர் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. எந்த மாதம் எவ்வளவு இறங்க வேண்டும் என்று கணக்குப் போட முடியும் என்றுதான் கேட்கிறார்கள்.

நம் ஊர்களில் கண்மாய் வற்றாமல் நிற்பதற்குக் காரணம் அணை அல்ல, சாக்கடை. நகரத்தை ஒட்டிய ஏரிகளில் கழிவுநீர் வருடம் முழுக்க வருகிறது. வற்றாத நீர், அளவுக்கு மீறிய சத்து, இரண்டும் சேர்ந்தால் ஆகாயத்தாமரைக்குக் கொண்டாட்டம். தென் அமெரிக்காவிலிருந்து 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பூச்செடியாக இங்கே வந்தது. நீரை மூடி, ஒளியை மறைத்து, அடியில் இருக்கும் அல்லியையும் கொட்டியையும் மூச்சுத்திணற வைக்கும். அதையும் அல்லியையும் ஒரே பெயரில் ‘களை’ என்று எழுதி ஒரே இயந்திரத்தால் வாரும்போதுதான் எனக்கு மனம் பொறுப்பதில்லை. சாக்கடை ஏரியில் வளரும் வள்ளைக்கீரையைப் பறிப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: அது கனஉலோகங்களை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், வேகவைத்தால் அது போகாது. சுத்தமான குளத்துக் கீரையானாலும் பச்சையாகத் தின்னக்கூடாது. கால்நடை இறங்கும் நீரில் ஈரல்புழுவின் நுண்கூடுகள் இலையில் ஒட்டியிருக்கலாம். நன்றாக வேகவைத்தால் அவை செத்துவிடும்.

இன்னொரு எதிரியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. மீன்பாசி ஏலம், அதாவது கண்மாயில் மீன் வளர்த்துப் பிடிக்கும் உரிமையை ஏலம், எடுத்தவர்கள் கட்லா, ரோகு, மிர்காலோடு புல்கெண்டையும் விடுகிறார்கள். 1959-இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்த மீன் அது. தன் பெயருக்கேற்ப செடி தின்னும், நிறையத் தின்னும். முதலில் காலி செய்வது வேலம்பாசி போன்ற மென்மையான மூழ்குசெடிகளை, அப்புறம் அல்லித் துளிர்களை. ஆகாயத்தாமரையின் தடித்த இலை அதற்கு அவ்வளவாகப் பிடிக்காது. ஆகவே நல்லது போகும், கெட்டது நிற்கும். ஏலக்காரர் போட்ட பணத்தை எடுக்கப் பார்க்கிறார், அவர்மேல் குற்றம் சொல்லிப் பயனில்லை. எந்த மீனை விடலாம் என்ற நிபந்தனையை எழுதும் இடம் வேறு.

தூர்வாருவதை நிறுத்தச் சொல்ல மாட்டேன். மதகுப் பக்கம் ஆழமாக எடுக்கட்டும், அங்கே எப்படியும் நீர் ஆழம்தான். வரத்துக்கால் வந்து சேரும் மேற்பக்கம் இயல்பாகவே மேடாக, முழங்கால் ஆழமாக இருக்கும். கொட்டியும் அல்லியும் கோரையும் பெரும்பாலும் அங்கேதான். அந்தச் சரிவை அப்படியே விட்டால் கொள்ளளவில் குறைவது கொஞ்சம்தான், கிடைப்பதோ கீரை, கிழங்கு, மேய்ச்சல், வாத்து எல்லாமும். முழுக்க எடுத்தே ஆக வேண்டும் என்றால் மேல்மண்ணைத் தனியாக ஒதுக்கிவைத்து, வேலை முடிந்ததும் ஓரத்தில் திரும்பப் பரப்பலாம். கிழங்கும் விதையும் அதில் இருக்கின்றன, மழை பார்த்துக்கொள்ளும். ஆகாயத்தாமரையைக் கோடையில், நீர் ஒடுங்கியிருக்கும்போது, பூக்க விடாமல் கையால் வாரி மட்க வைத்தால் சாம்பல்சத்துள்ள (பொட்டாசியம்) உரம் கிடைக்கும். இதற்கெல்லாம் முன்னால் சாக்கடையைத் திருப்பிவிட வேண்டும், அது நடக்காவிட்டால் மற்றது எதுவும் நிலைக்காது.

உடனே செய்யக்கூடியதும் ஒன்று இருக்கிறது. உங்கள் ஊர்க் கண்மாய்க்கு அடுத்த மீன்பாசி ஏல அறிவிப்பு வரும்போது நிபந்தனைகளைப் படித்துப் பாருங்கள். புல்கெண்டை விடக்கூடாது, வரத்துக்கால் பக்கத்துச் செடிகளை அகற்றக்கூடாது, கிழங்கும் கீரையும் எடுக்க ஊர்க்காரர்களைத் தடுக்கக்கூடாது என்று மூன்று வரி சேர்க்கும்படி கிராமசபையில் கேட்கலாம். இதற்குச் செலவு எதுவும் இல்லை.